எல்லை தாண்டிய பால் கவர்

கண்ணுமாமூட்டில் சாயா குடித்துக்கொண்டு நிற்கிற ஆள் கேரளத்தில் நிற்கிறாரா, தமிழ்நாட்டில் நிற்கிறாரா என்பது சில நேரம் அவருக்கே தெரியாது. கடைக்காரர் சில்லறை தரும்போது பேசுகிற பாஷையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அவர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுகொண்டது. அப்படி விழுந்த கோட்டில் எங்கள் குன்னத்துகால் இந்தக் கேரளப் பக்கமும், என் மாமியார் வீடு இருக்கிற பளுகல் அந்தத் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆயின. கோடு போட்டவர்கள் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விட்டார்கள். சாமான்களுக்கு மட்டும் அந்தக் கோடு இன்றுவரை பிடிபடவில்லை.

அங்கிருந்து இங்கே வருவதற்கு ஒரு பட்டியல் உண்டு. நாமக்கல் முட்டை, தோவாளைப் பூ, காய்கறி, வைக்கோல், போலீஸ் அசந்த நேரத்தில் ரேஷன் அரிசி. பெட்ரோல் தானாக நடந்து வராது என்பதால் நாமே போய் எடுத்துவர வேண்டும். அங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. ஆகவே எங்கள் ஊர் பைக்குகளுக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் மேல் பாசம் அதிகம். "வண்டி ரிசர்வுல விழுந்தாத்தான் மருமவனுக்கு நம்ம நெனப்பு வரும்" என்று என் மாமியார் என் காதுபடவே சொல்வார்.

இங்கிருந்து அங்கே என்ன போகிறது என்று கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. குப்பை போகிறது. கோழிக்கழிவு ஏற்றிய வண்டி களியக்காவிளையில் பிடிபட்டது என்று பேப்பரில் அடிக்கடி வரும். ஓட்டுநர் மீன் என்பார். திறந்து பார்த்தால் மீன் இருக்காது, மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டும் நிற்க முடியாது.

இந்த நீண்ட வாணிப வரலாற்றில் எதிர்த்திசையில், அதாவது தமிழ்நாட்டுக் குப்பையைக் கேரளத்துக்குக் கடத்திய பெருமை, எனக்குத் தெரிந்த வரையில், என் மகளுக்குத்தான் சேரும். அப்போது அவள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அவள் படிக்கும் பள்ளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் அவர்கள் என் பெயரைச் சொல்வார்கள். அங்கே ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் குப்பையைப் பிரிக்கும் வேலையைப் பொறுப்பு டீச்சரிடம் கொடுத்தார்கள். அந்த டீச்சரிடம் ஏற்கெனவே மதியச் சாப்பாடு, நூலகம், கலோத்சவம், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் இருந்தன. "இதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளட்டும், அவர்களுக்குத் தலைமைப் பண்பு வளரும்" என்றார். உலகத்தில் பல தலைவர்கள் இப்படித்தான் உருவாகியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்குக் கை ஒழியாத நேரம் பார்த்துப் பிள்ளைகள் கையில் அதிகாரம் வந்து சேர்ந்துவிடுகிறது. வந்த பிறகு திரும்ப வாங்க முடிவதில்லை.

மாடிப்படிக்குக் கீழே ஆறு சாக்குகளைக் கட்டினார்கள். பால் கவர், பாட்டில், பேனா, மிட்டாய்த்தாள், காகிதம், மற்றவை. முதல் வாரத்திலேயே நிறைந்து வழிந்தது 'மற்றவை'தான். ஜப்பானில் கமிகட்சு என்றொரு மலையூர் இருக்கிறது. குப்பையே இல்லாத ஊராவோம் என்று 2003-இல் அறிவித்துவிட்டு, வீட்டுக் குப்பையை 45 வகை வரை பிரித்திருக்கிறார்கள். இதை எங்கேயோ படித்துவிட்டு வந்து என் மகள் சாப்பாட்டு நேரத்தில் ஆவேசமாகச் சொன்னாள். என் மனைவி கேட்டுக்கொண்டே சோறு போட்டாள். "நாப்பத்தஞ்சு சாக்கு வைக்க எடம் வேணுமானா நாம மூணுபேரும் வெளியதான் படுக்கணும் மக்களே" என்றாள். அத்துடன் ஜப்பான் முடிந்தது. ஆனால் மூன்று பைகள் அடுக்களைக்குள் வந்துவிட்டன.

வீட்டில் முதலில் பிடிபட்டது பால் கவர். நாம் பால் கவரை எப்படித் திறக்கிறோம்? கத்திரியை எடுத்து மூலையைக் கத்தரிக்கிறோம், அந்த முக்கோணத் துண்டு எங்கோ பறந்து போகிறது, பாலைப் பாத்திரத்தில் ஊற்றுகிறோம். தவறு என்கிறாள் மகள். கவர் சாக்குக்கு வந்துவிடும், அந்தத் துண்டு வராது. விரல்நகம் அளவுள்ள அதைப் பொறுக்குவார் இல்லை. தொட்டிக்குழாய் வழியாக ஓடைக்குப் போய், ஓடை வழியாக ஆற்றுக்குப் போய், கடைசியில் பூவாறு கடலில் ஏதோ ஒரு மீன் அதை விழுங்கும். ஆகவே மூலையில் ஒரு கீறல் மட்டும் போட வேண்டும். துண்டு கவரோடு ஒட்டிக்கொண்டு தொங்க வேண்டும். பிறகு அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைச் சாயாவில் ஊற்றி, கவரை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, கிளிப் போட்டுக் கொடியில் உணக்க வேண்டும்.

இந்த முறைப்படி என் மனைவி ஒரு வாரம் சாயா போட்டாள். பிறகு கத்திரியை மகளிடம் கொடுத்து, "காலையில அஞ்சரைக்கு எழும்பி நீயே கீறு" என்று சொல்லிவிட்டாள். ஐந்தரைக்கு எழும்புகிற பிள்ளையை உண்டாக்கியதில் இந்தக் குப்பைத் திட்டத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பரீட்சையால் அது முடிந்ததில்லை.

கொடியில் நீல நிற மில்மா கவர்கள் வரிசையாக ஆடத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு மாமன் மதில் மேலாக எட்டிப் பார்த்தார். "என்னடே, வீட்டுல விசேஷமா? தோரணமெல்லாம் கெட்டியிருக்கு?"

"பள்ளிக்கூடத்துக்கு மாமா."

"பள்ளிக்கூடத்துல பால் காய்ச்சுதாங்களோ?"

நான் விளக்கினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நம்ம காலத்துல பள்ளிக்கூடத்துக்கு வீட்டுக்கணக்குத்தான் கொண்டு போவோம்" என்றார். மறுநாள் அவர் வீட்டுக் கொடியிலும் கவர் தொங்கியது. அவர் பேத்தி ஆறாம் வகுப்பு.

மாதம் ஒருமுறை பச்சைக் கோட்டு போட்ட ஹரித கர்ம சேனாச் சேச்சிகள் வருவார்கள். கேரளத்தில் வீட்டுக்கு வீடு போய் மட்காத குப்பையைச் சேகரிக்கிற பெண்கள் படை இது. பெரும்பாலும் குடும்பஸ்ரீ மகளிர் குழு ஆட்கள். சுவரில் ஒட்டியிருக்கிற கியூஆர் கோடைப் போனில் தட்டி, பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு, ஐம்பது ரூபாய் கட்டணமும் வாங்கிப் போவார்கள். வருஷத்தில் ஒரு மாதம் கண்ணாடி, ஒரு மாதம் செருப்பும் பையும், ஒரு மாதம் பழந்துணி என்று அவர்களிடம் ஒரு காலண்டர் உண்டு. முன்பெல்லாம் அவர்கள் கேட்பார்கள், நாங்கள் பதில் சொல்வோம். இப்போது என் மகளும் அவர்களோடு வாசலில் நின்றுகொண்டு எங்களைக் கேட்கிறாள். "அப்பாவோட ஸ்கூட்டர் டிக்கியையும் பாருங்க சேச்சி" என்றாள் ஒருநாள். பார்த்தார்கள். ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடந்தது.

அந்த சிப்ஸ் பாக்கெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வெளியே பார்க்க பிளாஸ்டிக், உள்ளே வெள்ளிபோல மின்னுகிற ஒரு பூச்சு, நடுவில் இன்னும் ஏதோ. இவற்றை ஒட்டியவனுக்கே திரும்பப் பிரிக்கத் தெரியாது. உருக்கிப் புதுப் பொருள் செய்ய முடியாது. சிமென்ட் ஆலைச் சூளையில் கரியோடு கரியாக எரிப்பதற்குத்தான் போகிறது. ஐந்து ரூபாய்க்கு விற்கிற தின்பண்டத்துக்கு இத்தனை பாதுகாப்பு. எங்கள் வீட்டுக் கதவில்கூட ஒரு தாழ்ப்பாள்தான் இருக்கிறது.

"அப்பா, இது எந்தச் சாக்கு?"

"மற்றவை."

"வாங்கறதுக்கு முன்ன யோசிச்சீங்களா, இது எந்தச் சாக்குன்னு?"

சிப்ஸ் வாங்குவதற்கு முன்னால் சாக்கைப் பற்றி யோசித்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள். நான் சேச்சியின் முகத்தைப் பார்த்தேன். "உங்க மோளை எங்களுக்குத் தந்திருங்க சாரே, ஒரு வார்டையே ஒப்படைக்கலாம்" என்றார் அவர். அன்றைக்கு நான் கொடுத்துவிடுகிற மனநிலையில்தான் இருந்தேன்.

போட்டி என்று ஒன்றை வைத்தார்கள். அதில்தான் எல்லாம் கெட்டது. எந்த வகுப்பு மாதத்தில் அதிக எடை பிளாஸ்டிக் கொண்டுவருகிறதோ அந்த வகுப்புக்கு ஒரு பி.டி. பீரியடு கூடுதல். நிறுப்பதற்கு ரப்பர் ஷீட் வாங்குகிற ஒரு வியாபாரியிடம் தராசு இரவல் வாங்கினார்கள். ரப்பர் எடையில் அந்தத் தராசுக்கு என்ன பழக்கமோ, பிளாஸ்டிக்கும் கொஞ்சம் குறைத்தே காட்டியது என்று எட்டு பி வகுப்பு புகார் சொன்னது.

குப்பையைக் குறைப்பதற்காகத் தொடங்கிய திட்டத்தில், கூடுதல் குப்பைக்குப் பரிசு. இதில் ஏதோ இடிக்கிறதே என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. பாட்டில் வேண்டும் என்பதற்காகக் குளிர்பானம் வாங்கினார்கள். மை தீர்ந்த பேனாவுக்குத் தனிச் சாக்கு உண்டு என்பதால் என் சட்டைப்பையில் மை தீராத பேனாக்களும் காலமாகத் தொடங்கின. கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன் பள்ளிகளில் 'பென் பிரண்ட்' என்று பேனாப் பெட்டி வைத்தது நல்ல எண்ணத்தில்தான். எர்ணாகுளம் பக்கம் லட்சுமி மேனன் என்பவர் காகிதத்தைச் சுருட்டி, வாலில் விதை வைத்துப் பேனா செய்கிறார். எழுதி முடித்து எறிந்தால் செடியாகும். அந்தப் பேனாவை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே மண்ணில் ஊன்றிவிட்டாள். இன்னும் பாதி எழுதவில்லையே என்றேன். "மழைக்காலம் போயிரும் அப்பா" என்றாள்.

அஸ்ஸாமில் குவஹாட்டிக்குப் பக்கத்தில் பமோஹியில் அக்ஷர் என்றொரு பள்ளிக்கூடம் 2016-இல் தொடங்கினார்கள். அங்கே பிள்ளைகள் வாரம் 25 பிளாஸ்டிக் சாமான் கொண்டுவந்து கொடுத்தால் அதுதான் பீஸ். குளிருக்குப் பிளாஸ்டிக்கை எரித்துக் காய்ந்த ஊர், எரிப்பதை நிறுத்தியது. இதை வாசித்ததும் நான் உற்சாகமாக மகளிடம் சொன்னேன். "நமக்கு கவர்மென்ட் ஸ்கூல் அப்பா, பீஸே கெடயாது. நீங்க எதுக்குச் சந்தோஷப்படுதீங்க?" என்றாள்.

என் மகளின் எட்டு ஏ வகுப்புக்குக் கூடுதல் எடை எங்கிருந்து வரும்? பால் கவர் ஒரு கிலோ சேர்ப்பதற்குள் மாடு கிழடாகிவிடும். அப்போதுதான் அவளுக்குப் பளுகல் அம்மச்சியின் கட்டில் ஞாபகம் வந்தது.

என் மாமியாரின் கட்டிலுக்கடியில் இருப்பதை நான் இருபது வருஷமாக ஓரக்கண்ணால் பார்த்து வருகிறேன். ஜவுளிக்கடைப் பைகள் அளவுவாரியாக ஒன்றுக்குள் ஒன்று. அதில் சில கடைகள் இப்போது இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் குருமிளகு, போன்விட்டா டப்பாவில் புளி, கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய். பால் கவர்கள் முக்கோணமாக மடித்து, பத்துப் பத்தாக வாழைநாரில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். ரேஷன் கார்டு, ஆதார், சாமியாரிடம் வாங்கிய திருநீறு எல்லாமே கவருக்குள்தான். கொல்லையில் குருமிளகுக் கொடி பதியன் போட்டிருப்பதும் மண் நிரப்பிய பால் கவரில். விளையில் இருக்கிற பத்து மூடு ரப்பருக்குப் பால் வடிக்க வைத்திருப்பது தேங்காய்ச் சிரட்டை. பிளாஸ்டிக் கப்பு ஊருக்கெல்லாம் வந்தபோதும் அவர் வாங்கவில்லை. தேங்காய்க்குள் ஓசியாக வருவதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பார்.

மகள் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோலார் தங்கவயலில் முதல் மண்வெட்டியைப் போட்டவன் முகத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சம் வந்திருக்காது.

"அம்மச்சி, இதெல்லாம் நாங்க கொண்டுபோட்டா?"

"கிலோவுக்கு என்ன தருவ? பழைய சாமானுக்கு ஆக்ரிக்காரன் தட்டு தருவான்."

"காசு தரமாட்டோம் அம்மச்சி. எங்க ஊர்ல நாமதான் மாசம் அம்பது ரூவா குடுக்கணும்."

மாமியார் என்னைப் பார்த்தார். தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊரைப் பற்றி இருபது வருஷமாகத் தேங்கிக் கிடந்த ஐயம் ஒன்று அந்தப் பார்வையில் தெளிந்தது. "சாமானையும் குடுத்து, காசையும் குடுக்கணுமா? கொள்ளாமே உங்க கேரளா!"

பேரம் வெகுநேரம் நடந்தது. கடைசியில், வாழைநாரை மட்டும் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு இரண்டு சாக்கு ஆவின் கவர் கைமாறியது. ஸ்கூட்டரின் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் மகள், அவள் மடியில் ஒரு சாக்கு. எல்லையில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"என்ன ஏத்திருக்கு?"

"குப்பை சார்."

"எங்கேருந்து எங்க?"

"பளுகல்லேருந்து குன்னத்துகாலுக்கு."

அவர் சாக்கைத் திறந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். சோப்பு வாசம் வந்தது. இதில் என்ன குற்றம் என்று தெரியாமல், ஆனால் ஏதோ குற்றம் இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையோடு ஸ்கூட்டரின் ஆர்.சி. புக்கைக் கேட்டார்.

பள்ளியில் ஆவின் கவர் பெரிய பிரச்சினையாயிற்று. "அது தமிழ்நாட்டுக் குப்பை. அதுக்கு இங்க மார்க்கு கெடயாது" என்று எட்டு பி எழுந்தது. பிளாஸ்டிக்குக்கு மாநிலம் கிடையாது, ஆவின் கவரும் மில்மா கவரும் ஒரே சரக்குதான் என்று எட்டு ஏ வாதாடியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லும் கேரளத்தில் 2020 ஜனவரி 1-லும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததே, அந்த இடைப்பட்ட ஒரு வருஷம் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் இருந்ததா இல்லையா என்று ஒரு பையன் கேட்டான். அவன் பின்னாளில் வக்கீலாகிவிடுவான் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்கு எட்டு ஏ தரப்பில் ஒரு பெண் சொன்ன பதில்தான் சிகரம். அவளுடைய பாட்டா, எல்லைக்காகப் போராடிய மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் காலத்து ஆள். "மார்ஷல் நேசமணியும் கூட்டாளிகளும் நெய்யாற்றின்கரை தாலுகாவையே அந்தப் பக்கம் கேட்டவங்க. தாலுகாவை நாம குடுக்கல. அவங்க ரெண்டு சாக்கு கவர் தந்தா அதை வாங்கக்கூடவா மாட்டோம்?"

டீச்சர் தீர்ப்புச் சொன்னார். ஆவின் கவர் சாக்கில் சேரும், மார்க்கில் சேராது.

அந்த மாதம் எட்டு பி ஜெயித்தது. அவர்கள் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டு மொட்டைமாடியிலிருந்த சின்டெக்ஸ் டேங்கை அறுத்துத் துண்டு துண்டாகக் கொண்டுவந்துவிட்டான். பழைய டேங்க்தான் என்று அவன் சொன்னான். அவன் அம்மா அன்று சாயங்காலம் பள்ளிக்கு வந்த வேகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இதற்கிடையில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி 'மாலின்ய முக்தம் நவகேரளம்' என்ற இயக்கத்தை அரசு மாநிலம் முழுக்க முடுக்கிவிட்டது. 2025 மார்ச் 30-க்குள் கேரளம் குப்பையில்லாத மாநிலமாக வேண்டும் என்பது இலக்கு. பள்ளிகள் 'ஹரித வித்யாலயம்' என்ற பசுமைப் பள்ளிகளாக வேண்டும் என்றார்கள். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொடுப்பது நின்றது. வேண்டுமானால் நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடு என்றார்கள். மிட்டாயில்லாத பிறந்தநாளைப் பிள்ளைகள் சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆளுக்கொரு லட்டைக் கையில் வைப்பது என்று முடிவாயிற்று. லட்டுக்குத் தாள் கிடையாது. சாட்சியும் கிடையாது.

கட்டுரைப் போட்டியில் என் மகள் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் பஞ்சாயத்தில் காரக்கோணத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரிக்கு டாக்டர் சோமர்வெல் பெயர். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல காலம் அறுவை செய்த அந்த மனிதர் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924-இல் 28,000 அடி வரை ஏறிவிட்டு, மூச்சு முட்டித் திரும்பும்போது விரைத்த கையிலிருந்து அவருடைய பனிக்கோடரி நழுவி உருண்டு போய்விட்டது. இன்றைக்கு எவரெஸ்ட் முழுக்கச் சிலிண்டரும் டப்பாவும் கூடாரத்துணியும் கிடக்கின்றன. ஏறுகிற ஒவ்வொருவரும் எட்டுக் கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாளம் 2014-இல் சட்டம் போட்டது. இதையெல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, கடைசியில் அவள் கேட்டிருந்தாள்: 'டாக்டர் சோமர்வெல்லின் கோடரி எந்தச் சாக்கு?' சிரித்துக்கொண்டே மார்க் போட்டேன் என்று டீச்சர் சொன்னார். மார்க் பத்துக்கு ஆறு. கையெழுத்துக்காக நாலைக் குறைத்தாராம்.

2024 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று கேரளத்தின் உள்ளாட்சிகளிலெல்லாம் பிள்ளைகளின் ஹரித சபை கூடியது. அதாவது, பள்ளிப் பிள்ளைகள் மேடையில் உட்கார்ந்து அறிக்கை வாசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள். உள்ளாட்சிக்காரர்கள் கீழே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். வருஷத்தில் 364 நாள் இதற்கு நேர்மாறாக நடப்பதால் ஒருநாள் தாங்கலாம். எல்லைப் பக்கத்தில் நடந்த ஒரு சபைக்குப் பெற்றோர் என்ற முறையில் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்ததில் இன்றும் கண்ணில் நிற்பது ஒரு பொன்னாடை. சிறப்பு விருந்தினருக்குப் போர்த்த வேண்டிய துண்டை யாரோ கடையிலிருந்து பளபளக்கும் கவரோடு அப்படியே கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டார்கள். தலைமை தாங்கிய பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அவள் அதைக் கையில் எடுத்தாள். விருந்தினர் தோளைச் சாய்த்தார். அவள் போர்த்தவில்லை. கவரின் ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தாள். துண்டை வெளியே எடுத்தாள். கவரைத் தட்டி, நாலாக மடித்து, பாவாடைப் பையில் வைத்தாள். அதன் பிறகுதான் போர்த்தினாள். இத்தனை நேரமும் விருந்தினர் தோளைச் சாய்த்தபடியே நின்றார். கூட்டம் கைதட்டியது. யாருக்கு என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கேள்விகளில் ஒன்று: "நாங்க குடுக்கிற பிளாஸ்டிக் எங்க போகுது?" நல்ல சரக்கு மறுசுழற்சிக்குப் போகிறது, மற்றதில் ஒரு பங்கைத் தூளாக்கி ரோடு போடத் தாரோடு சேர்க்கிறார்கள் என்று அதிகாரி சொன்னார். அந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் என்றும், சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் தூளைத் தூவினால் அது ஜல்லியைப் பூசிக்கொள்ளும், பிறகு தார் நன்றாகப் பிடிக்கும் என்றும், 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றும் விளக்கினார். ஆக, ஆவின் கவருக்கு மார்க் கிடையாது. ஆனால் எங்கள் ரோட்டுக்கு மதுரைக்காரர் மூளை வேண்டும். எட்டு ஏ இதைக் குறித்துக்கொண்டது. அன்றிலிருந்து புது ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டினால் பின்னாலிருந்து, "பாத்துப் போங்கப்பா, எங்க கவர் கெடக்கு" என்று குரல் வருகிறது.

அந்தச் சபைக்குப் பிறகு பள்ளியில் போட்டியின் விதியை மாற்றினார்கள். எடை கூடினால் பரிசு என்பது போய், வகுப்புக் கூடையில் எடை குறைந்தால் பரிசு என்று வந்தது. திட்டத்தின் நோக்கம் ஆறு மாதம் தாமதமாக வந்து சேர்ந்ததில் டீச்சருக்கு நிம்மதி. சின்டெக்ஸ் பையனின் அம்மாவுக்கு அதைவிட நிம்மதி.

டிசம்பரில் திருநெல்வேலிச் செய்தி வந்தது. நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கேரளமே வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இங்கிருந்து அதிகாரிகள் லாரிகளோடு போய் அள்ளிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர் சாயாக்கடை ஆட்கள் யாரும் இரண்டு நாள் பெட்ரோல் போட அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் போனார்கள். மாமியார் எனக்குப் போன் செய்து, "ரெண்டு சாக்கு நாங்க தந்தோம், பதிலுக்கு நீங்க எத்தனை லோடு தந்தீங்க?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. எட்டு பி வகுப்பின் கூடை தொடர்ந்து காலியாகவே இருந்தது. ஒரு மிட்டாய்த்தாள் இல்லை, ஒரு ஸ்ட்ரா இல்லை. தலைமையாசிரியர் அசெம்பிளியில் அந்த வகுப்பைப் பாராட்டினார். அதேசமயம் எட்டு ஏ வகுப்பின் கூடை மட்டும் காலையில் வரும்போதே நிறைந்திருந்தது. இது எப்படி என்று என் மகளும் கூட்டாளிகளும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஆராய்ந்தார்கள். மிட்டாய்த்தாள்களுக்கு நடுவே கசக்கிப் போட்ட ஒரு கிறிஸ்துமஸ் பரீட்சைக் கேள்வித்தாள் கிடைத்தது. மேலே ஒரு பையனின் பெயர், பெயருக்குப் பக்கத்தில் 'எட்டு பி' என்று அழகான கையெழுத்தில்.

பேப்பர் படித்துத் தேறிய பிள்ளைகள். டீச்சரிடம் போய், திருநெல்வேலி வழக்கில் சொன்னதுபோல எட்டு பி வகுப்பே சாக்கோடு வந்து திரும்ப அள்ள வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். டீச்சர் எட்டு பி-யைக் கூப்பிட்டு விசாரித்தார். கேள்வித்தாளுக்குச் சொந்தக்காரன் அசரவில்லை. குப்பை எங்களுடையதுதான், ஆனால் மாடிப்படிச் சாக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பை நாங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் முறையாக ஒப்படைத்திருந்தோம், வாரம் ஒரு லட்டு கூலி, அவன் எங்கே கொண்டுபோய்க் கொட்டினான் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றான்.

ஆறாம் வகுப்புப் பையனை வரவழைத்தார்கள். அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு, தனக்கு வேலை அதிகமானதால் அதை அரை லட்டுக்கு ஐந்தாம் வகுப்பு ஆளிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஐந்தாம் வகுப்பு ஆள் அன்றைக்கு லீவு.